மரத்துக்கும் ஒரு பதிவேடு

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் பலமான ஆந்தி அடித்தால் மறுநாள் சாலையோரங்களில் மரங்கள் சாய்ந்து கிடக்கும். காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, ஜூலையில் வன மகோத்சவம் என்று புதுக் கன்றுகளை நடுகிறோம். போன வருடம் நட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்று கேட்பவர் குறைவு.

காற்று கடைசிக் காரணம்தான். நடைபாதைக்குக் கல் பதிப்பவர்கள் அடிமரம் வரை சிமென்ட் பூசிவிடுகிறார்கள். மழைநீர் உள்ளே இறங்காது. வேருக்குக் காற்றும் கிடைக்காது. கேபிளுக்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர்கள் அறுபடுகின்றன. பிடிப்புப் போன மரம் விழாமல் என்ன செய்யும்?

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமென்ட் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே உத்தரவிட்டது. அனுமதியின்றி மரம் வெட்டுவதைத் தடுக்கும் தில்லிச் சட்டம் 1994ல் வந்தது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, பராமரிப்புக்குத்தான் பஞ்சம்.

ரயில்வேயில் மிகச் சிறிய பாலத்துக்கும் எண் உண்டு, பதிவேடு உண்டு, ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. பார்த்தவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நூறு வயதுப் பாலங்களில் இன்றும் வண்டி ஓடுவது இதனால்தான். புது தில்லியின் பழைய வேம்புக்கும் நாவலுக்கும் ஏறக்குறைய அதே வயது. சில இடங்களில் மரங்களுக்கு எண் எழுதியிருக்கிறார்கள். எண் மட்டும் போதாது. ஆந்திக்கு முன் வருடாந்தரப் பரிசோதனையும், பொறுப்பேற்கும் ஒரு கையெழுத்தும் வேண்டும்.

அதுவரை நம் வாசல் மரத்தைச் சுற்றியுள்ள சிமென்டை அகற்றச் சொல்லிக் காலனிச் சங்கத்தில் ஒரு மனுவாவது கொடுப்போம். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட அது பெரிய புண்ணியம்.