காலி வரிக்கும் ஒரு கணக்கு உண்டு

பிரெஞ்சுப் படிவங்களில் விவரம் இல்லாத இடத்தில் 'நெயான்' என்று எழுதுவார்கள். 'ஒன்றுமில்லை' என்று பொருள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. குமாஸ்தாவான பிறகு ஆபீஸில் அதுவே 'நில்' ஆயிற்று. வெறுமனே விட்ட கட்டம் யாரோ மறந்தது. 'இல்லை' என்று எழுதிய கட்டம் யாரோ பார்த்துச் சொன்னது. இரண்டும் ஒன்றல்ல.

பணியின் கடைசி வருடங்களில் கணினிப் பிரிவில் போட்டார்கள். ஐ.பி.எம். மெயின்பிரேமிலும் இதே விவகாரம் இருப்பதை அங்கேதான் பார்த்தேன். துளை அட்டைக்கு 80 பத்தி. அந்த வழக்கத்தில் பல கோப்புகளில் ஒவ்வொரு ரெக்கார்டும் 80 பைட். எழுத ஒன்றுமில்லை என்றாலும் 80 வெற்றிடம் உட்கார்ந்திருக்கும். நீளம் மாறும் கோப்பில் அப்படியில்லை. ஒவ்வொரு ரெக்கார்டின் தலையிலும் 4 பைட் இருக்கும். அதில் மொத்த நீளம், அந்த 4-ஐயும் சேர்த்துக் குறித்திருக்கும். 30 எழுத்து என்றால் 34. ஒன்றுமே இல்லையென்றால் 4. அதற்குக் கீழே போக முடியாது. காலி ரெக்கார்டுக்கும் தலை உண்டு, உடம்புதான் கிடையாது.

கோப்பை வேறு கணினிக்கு மாற்றும்போதுதான் வம்பு. சில புரோகிராம்கள் காலி ரெக்கார்டைத் தாண்டிப் போய்விடும். சில, ஒரு வெற்றிடத்தை நுழைத்து நீளத்தை 5 ஆக்கிவிடும்.

எங்களிடம் ஒரு பென்ஷன் பட்டியல் இருந்தது. ஆளுக்கு மூன்று வரி: பெயர், துணைவர் பெயர், வங்கிக் கணக்கு எண். கல்யாணம் ஆகாத ஓர் அம்மாவுக்கு இரண்டாம் வரி காலி. மாற்றும்போது அந்த வரி விழுந்துவிட்டது. கணக்கு எண் துணைவர் இடத்துக்கு ஏறியது. அடுத்தவர் பெயர் கணக்கு எண் இடத்துக்கு வந்தது. அங்கிருந்து கீழே எல்லாமே ஒரு வரி நகர்ந்துபோயிற்று. பாவம், அந்த அம்மா மூன்று மாதம் நடையாய் நடந்தார். மிச்சமானது நாலு பைட்!

என் அபிப்பிராயம் இதுதான். காலி ரெக்கார்டைக் காலியாகவே கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் ஒரு வெற்றிடமாவது வைத்து, வைத்ததை எழுதி வைக்க வேண்டும். வரிசையாவது கலையாது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ரெக்கார்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் கையெழுத்துப் போடக் கூடாது.

நண்பர்களே, நீங்களும் வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ படிவம் நிரப்பினால் கட்டத்தைச் சும்மா விடாதீர்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டு வாருங்கள்.