சூளை பக்கம் போதையும் வேண்டாம், டெஸ்ட் பேர்ல வேலை பறிப்பும் வேண்டாம்!



விருத்தாசலம் செராமிக் பேட்டைல ஒரு ராத்திரி ஷிஃப்ட் நின்னு பாருங்க. சூளைக்குள்ள 1,000 டிகிரிக்கு மேல சூடு. பக்கத்துல களிமண் அரைக்கிற மில் நிக்காம சுத்திட்டு இருக்கும். ஒரு நொடி கவனம் தப்பினா போறது கை மட்டும் இல்லை, கூட நிக்கிறவரோட உயிரும்தான்.

அதனால நம்ம நிலைப்பாட்டை முதல்லயே சொல்லிடுறோம். கஞ்சா அடிச்சிட்டு சூளை, கிரேன், லாரி பக்கம் வர யாருக்கும் உரிமை கிடையாது. அமெரிக்காவின் மேரிலாந்தில் 1987 ஜனவரி 4 அன்று நடந்த ரயில் விபத்தில் 16 பேர் பலியானார்கள். சிக்னலைத் தாண்டி வந்த எஞ்சினை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் அங்கே போக்குவரத்துப் பணியாளர்களுக்குப் போதைப் பரிசோதனை கட்டாயம்னு 1991ல் சட்டமே வந்தது.

சரி, இங்கேயும் டெஸ்ட் வைக்கலாமா? ஆபத்தான வேலைகளுக்கு வைக்கலாம். ஆனா ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும்.

சாராயத்துக்கு அளவு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஊதிப் பார்த்தா இப்போ குடிச்சிருக்காரான்னு தெரிஞ்சிடும். கஞ்சாவுக்கு அதே பிரிவில் எந்த எண்ணும் இல்லை. தினமும் புகைச்சவர் விட்டு ரெண்டு மூணு வாரம் ஆனாலும் சிறுநீர் டெஸ்ட்ல பாசிட்டிவ் வரலாம். அதாவது அந்த ரிசல்ட், 'எப்பவோ புகைச்சார்'னு சொல்லுமே தவிர 'இப்போ போதையில இருக்கார்'னு சொல்லாது.

இந்த ஓட்டையை வச்சு, சங்கம் சேரச் சொன்ன ஒப்பந்தத் தொழிலாளியை 'பாசிட்டிவ்'னு ஒரே சீட்டுல வெளியே அனுப்பிட்டா யார் கேக்குறது?

விமானிகளுக்கு என்ன விதி தெரியுமா? 2022 முதல் டிஜிசிஏ கஞ்சா உட்பட போதைப் பொருட்களுக்கு டெஸ்ட் எடுக்குது. பாசிட்டிவ் வந்தா பணியிலிருந்து விலக்கி, உறுதிப்படுத்தும் டெஸ்ட் எடுக்கணும். முதல் தடவைன்னா சிகிச்சைக்கு அனுப்பி, தேறினதும் திரும்ப வேலைக்கு எடுக்கணும். விமானிக்கு ஒரு நியாயம், சூளைத் தொழிலாளிக்கு ஒரு நியாயமா?

நம்ம கோரிக்கை மூணுதான்:

1. டெஸ்ட்னா சூப்பர்வைசர், கான்ட்ராக்டர் எல்லாருக்கும் ஒரே விதி. உறுதிப்படுத்தும் டெஸ்ட் இல்லாம நடவடிக்கை கூடாது.

2. பாசிட்டிவ் வந்தா சூளையை விட்டு உடனே நகர்த்துங்க. வேலையை விட்டுத் துரத்தாதீங்க. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவே, தானா முன்வந்து சிகிச்சை எடுக்குற போதை அடிமைக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருது.

3. தூக்கமில்லாம டபுள் ஷிஃப்ட் பார்க்கிறவரும் அதே அளவு ஆபத்துதான். அதுக்கு எந்த டெஸ்ட்டும் கிடையாது. முதல்ல டபுள் ஷிஃப்டை நிறுத்துங்க.

உங்க வீட்டுலயோ நண்பர்கள்லயோ யாராவது இதுல சிக்கியிருந்தா திட்டாதீங்க, 14446க்கு போன் பண்ணுங்க. கட்டணம் கிடையாது.

கஞ்சா விக்கிறவனைப் பிடிங்க. தொழிலாளியைக் காப்பாத்துங்க. சரின்னு பட்டா ஷேர் பண்ணுங்க தோழர்களே!

#போதையில்லா_பணியிடம் #தொழிலாளர்_பாதுகாப்பு #விருத்தாசலம்