தன் கடிதத்தைத் தானே வாசித்தல்

ஸ்கந்தபுரத்து வீடொன்றின் படலையில் தபாற்காரர் மணியடித்து ஒரு கடிதத்தைக் கொடுத்துச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றுக்கொண்ட பெரியவர் போரிற் கண்ணொளி இழந்தவர். வன்னியில் அத்தகையோர் பலர். வந்திருப்பது வங்கியின் அறிவித்தலோ, பிரதேச செயலகத்தின் கடிதமோ, அவர் அறியார். அயல்வீட்டுப் பிள்ளை பாடசாலை விட்டு வரும்வரை அது மடியிலேயே கிடக்கும். பின்னர் அவருடைய கடன் கணக்கை அப்பிள்ளை முதலில் அறியும். அவர் இரண்டாவதாகவே அறிவார்.

நேயர்களே, பிரெயில் எழுத்து பெருங்கொடையே. ஆயினும் நாளாந்தம் அச்சாகும் கடிதங்களும் பத்திரிகைகளும் பிரெயிலில் வருவது அரிது. இக்குறையை நீக்க எழுந்த கருவிகளுள் ஒன்று ஒப்டகன். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் லின்வில், பார்வையற்ற தம் மகளின் பொருட்டுச் சிந்தித்ததன் பயன் அது. 1971இல் விற்பனைக்கு வந்தது. வலக்கையிலுள்ள சிறு கமராவை வரியின்மீது நகர்த்த, இடக்கைச் சுட்டுவிரலின் கீழ் 144 நுண்ணிய ஊசிகள் அவ்வெழுத்தின் வடிவிலேயே அதிரும். எழுத்தை இனங்காணும் வேலை விரலுடையது. ஆதலின் எம்மொழியாயினும் கருவிக்கு ஒன்றே. ஆனால் பயிற்சி நெடிது, விலையும் பெரிது.

1976இல் றேமண்ட் கேர்ஸ்வைல் வேறொரு வழி கண்டார். அவருடைய பொறி ஆங்கில அச்செழுத்தைத் தானே இனங்கண்டு உரக்க வாசித்தது. இன்று அப்பணியைக் கைத்தொலைபேசியின் கமராவே செய்துவிடுகிறது. ஆயின் இவ்வழியில் பொறி தமிழைக் கற்றிருத்தல் வேண்டும்.

அது எளிதன்று. 'ர'வும் காலும் உருவில் அண்ணன் தம்பிகள். 'கௌ' என்பதன் ஈற்றுக்குறியும் 'ள'வும் ஒன்றே. அச்சில் ஒரு புள்ளி தேய்ந்தால் 'பால்' என்பது 'பால' ஆகும். 1978இல் தமிழகத்தில் எழுத்துச் சீர்திருத்தம் ஆணையாகுமுன் வந்த நூல்களிலோ, துதிக்கை வைத்த 'லை', 'னை' முதலியன நிறைந்திருக்கும். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பேராசிரியர் ஆ. க. இராமகிருஷ்ணன் குழுவினர் இத்தகைய சிக்கல்களோடு பல்லாண்டு உழைத்துள்ளனர்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத்தளம் ஈழத்து ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் காத்துவருகிறது. ஆனால் படம் கண்ணுள்ளவர்க்கே பேசும். படத்தை எழுத்தாக்கினால்தான் மற்றையோருக்கும் அது நூலாகும்.

மாணவர்களே, இங்கே உங்களுக்கும் ஒரு பங்குண்டு. தமிழ் விக்கிமூலத்தில், பொறி பிழையாக இனங்கண்ட எழுத்துகளைத் தன்னார்வலர் மூலப்படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றனர். நாளொன்றுக்கு ஒரு பக்கம் திருத்தினாலும் போதும். உங்கள் தமிழும் திருந்தும். அயலிற் கண்ணொளி இழந்தவர் இருப்பின், அவருடைய கைத்தொலைபேசியை வாசிக்கப் பழக்கிக் கொடுங்கள். கடிதத்தை வாசித்துக் கொடுப்பது நல்ல உதவி. அவரே வாசிக்கும்படி செய்துவிட்டு எழுந்து போவது அதனினும் மேலானது.