கடல் தாண்டி ஒரு நாடகம்

நாடகம் பார்க்கக் கிளம்புவதென்றால் நமக்குத்தான் எத்தனை ஏற்பாடுகள்! ராத்திரிச் சமையலை நாலு மணிக்கே முடித்து, குழந்தைகளைப் பாட்டியிடம் ஒப்படைத்து, 'இவர் வந்துவிட்டாரா?' என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து, கடைசியில் முதல் காட்சி முடிந்த பிறகு போய்ச் சேருகிறோம். கொஞ்சம் தாமதமானால் என்ன என்று ஒரு தைரியம். ஆனால் இன்று நான் உங்களை அழைத்துப் போகும் நாடகத்துக்கு அந்தத் தைரியம் உதவாது. படகு போய்விட்டால் போனதுதான். நடுவே இருப்பது கடல்!

குரோஷியா நாட்டின் மேற்குக் கரையில் ஃபஷானா என்று ஒரு சின்ன ஊர். அதன் துறையில் நின்று பார்த்தால், எதிரே நீல நிறமான ஏட்ரியாடிக் கடலில் பச்சைப் பசேலென்று தீவுகள் தெரியும். பெரிதும் பொடியுமாக மொத்தம் 14. பிரியூனித் தீவுகள் என்று பெயர். இத்தாலியர் வாயில் அது 'பிரியோனி'.

ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பயந்து அங்கே யாரும் தங்குவதில்லை. 1893-இல் பால் குபெல்வீஸர் என்ற ஆஸ்திரிய எஃகு முதலாளி தீவுகளை விலைக்கு வாங்கினார். கொசுவோடு போராடிப் பார்த்துவிட்டு, ஜெர்மனியிலிருந்து ராபர்ட் கோக் என்ற மகா வைத்தியரையே வரவழைத்தார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தாரே, அவர்தான். காய்ச்சல் ஒழிந்தது, தீவு சீமான்களின் உல்லாச வாசஸ்தலம் ஆயிற்று.

பிறகு வந்தார் மார்ஷல் டிட்டோ. யுகோஸ்லாவியாவை ஆண்ட அவருக்கு இந்தத் தீவின் மேல் தனிப் பிரியம். ஏறக்குறைய முப்பது வருஷம், கோடை வந்தால் அரசாங்கமே இங்கு குடியேறிவிடும். 1956 ஜூலையில் நம் நேருவும் எகிப்தின் நாஸரும் வந்து டிட்டோவோடு பேசி அறிக்கையில் கையெழுத்திட்டது இங்கேதான். பின்னாளில் இந்திரா காந்தி இரண்டு யானைக் குட்டிகளைப் பரிசாகக் கொடுத்தார். சோனி, லங்கா என்று பெயர். ஏட்ரியாடிக் கடற்காற்றில் நம் ஊர் யானை! சோனி 2010-இல் இறந்துபோயிற்று. துணையை இழந்த லங்காவை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

யானையைப் பார்த்துக்கொண்டே நின்றால் நாடகம் தவறிவிடும். வாருங்கள், நாம் போகவேண்டியது பெரிய தீவுக்கு அல்ல. அடுத்தாற்போலுள்ள சின்னத் தீவுக்கு. அங்கே அந்தக் கால ஆஸ்திரிய ஹங்கேரி சாம்ராஜ்யம் கட்டிய ஒரு கோட்டை இருக்கிறது. பக்கத்துப் பூலா துறைமுகத்தில் நின்ற போர்க் கப்பல்களைக் காப்பதற்காகக் கட்டியது. இப்போது பாழடைந்து கிடக்கிறது. அந்தப் பாழ்ச் சுவர்களுக்கு நடுவே, வானமே கூரையாக, 2001-ஆம் வருஷக் கோடையில் ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' அரங்கேறியது. நடத்தியது 'யுலிஸிஸ்' நாடக மன்றம். லியராக நடித்தவர் ராடெ ஷெர்பெட்ஜியா. நாடகத்தை இயக்கியவர் அவர் மனைவி லெங்கா உடோவிச்கி. எண்பது தாண்டிய கிழவராக நடித்தவருக்கு அப்போது வயது அறுபதுகூட ஆகவில்லை! ஹாரி பாட்டர் படத்தில் மந்திரக்கோல் செய்யும் கிரகோரோவிச்சாக வருவாரே, அந்த மனிதர்தான் இவர். உங்கள் குழந்தைகளைக் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள்.

லியர் கதை தெரியாதவர்கள் உண்டா? வயசான அரசர். ஆண் வாரிசு இல்லை, மூன்று பெண்கள். தேசப் படத்தை விரித்து வைத்து, 'என்மேல் யாருக்கு எவ்வளவு ஆசை?' என்று கேட்கிறார். மூத்தவள் கானரிலும் அடுத்தவள் ரீகனும் தேன் ஒழுகப் பேசிப் பாகம் வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்குட்டி கார்டீலியாவுக்கு முகஸ்துதி வரவில்லை; வெறுங்கையோடு அனுப்பப்படுகிறாள். அப்புறம் நடப்பதெல்லாம், சொத்துப் பிரித்த எந்த வீட்டிலும் நாம் பார்த்ததுதான்.

இங்கே ஒரு சங்கதி. எல்லாவற்றையும் கொடுத்த அப்பா, 100 வீரர்களை மட்டும் தமக்கென்று வைத்துக்கொள்கிறார். மாதம் ஒரு பெண் வீடு என்று ஏற்பாடு. அந்த நூறு பேரோடுதான் போவார்! மூத்தவள் 50 போதும் என்கிறாள். இரண்டாமவள் 25 என்கிறாள். பிறகு ஒருவர்தான் எதற்கு என்று வந்து நிற்கிறது. நூறு பேருக்கு இலை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் கானரிலின் கஷ்டம் புரியும். இதைச் சொன்னால் ஷேக்ஸ்பியர் பண்டிதர்கள் என்னை அடிக்க வருவார்கள்! ஆனால் பெற்ற தகப்பனைப் புயலில் விட்டுக் கதவைச் சாத்தினார்களே, அதற்கு மட்டும் என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

சரி, இந்த நாடகத்தை ஏன் இந்தத் தீவில் போட வேண்டும்? டிட்டோ 1980-இல் காலமானார். 1991-இல் யுகோஸ்லாவியா உடையத் தொடங்கியது. தேசப் படத்தை மேஜைமேல் விரித்துக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துப்பாக்கி வெடித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஷெர்பெட்ஜியா செர்பிய வம்சத்தவர். ஆனால் பிறந்தது குரோஷியாவில். அப்படிப்பட்டவருக்கு எந்தப் பாகம்? அவர் ஊரை விட்டுக் கிளம்பி லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து ஆரம்பித்ததுதான் இந்த நாடக மன்றம். ஜாக்ரெபிலிருந்தும் பெல்கிரேடிலிருந்தும் ஸராயெவோவிலிருந்தும் லூப்லியானாவிலிருந்தும் நடிகர்கள் வந்தார்கள். முன்பு ஒரே நாட்டுப் பிரஜைகள். இப்போது ஒருவருக்கொருவர் அயல்நாட்டார். எல்லையில் காகிதத்தைக் காட்டிவிட்டு வந்து, தேசத்தைக் கிழித்துப் பங்கு போட்ட கிழவரின் கதையை, தேசத்தைக் கட்டிக் காத்தவரின் தீவுக் கூட்டத்தில் நடித்தார்கள். யாரும் மேடையேறி யுத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யத் தேவை ஏது? முதல் காட்சியில் அந்தப் படத்தை விரிக்கும்போதே எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்கும்.

பல கோடைகளில் திரும்பத் திரும்ப இதை நடத்தினார்கள். கூட்டமும் படகேறிப் போய்க்கொண்டேயிருந்தது.

நாடகம் முடிந்து இருட்டில் மறுபடியும் படகு. கரையிலே ஃபஷானாவின் விளக்குகள். அந்தப் படகில் நீங்களும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சும்மா இருப்போமா? 'அந்தக் கார்டீலியா அப்பாவிடம் இனிமையாக ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?' என்பேன் நான். நீங்கள் விடமாட்டீர்கள், 'கேட்டவர் மேல்தான் தப்பு' என்பீர்கள். உங்கள் வீட்டில் எந்தக் கட்சிக்கு ஆள் அதிகம்? கேட்டுப் பார்த்து ஒரு கடிதம் எழுதுங்கள்.