சொல் மரம்

சொற்களைத் தொகுத்துக் காத்தல் தமிழர்க்குப் புதியதன்று. நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துச் செய்யுளில் வைத்தன. மாணாக்கர் அவற்றை மனப்பாடம் செய்தனர். 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியோ சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தியது. அதனால் நிகண்டை மனப்பாடம் செய்யாதவரும் வேண்டிய சொல்லைத் தேடிக் காண வழி பிறந்தது.

இன்று அப்பணியைக் கணிப்பொறியும் செய்கிறது. அதற்குரிய முறைகளுள் ஒன்று, சொற்களை மரம்போல் அமைப்பதாகும். 1960ஆம் ஆண்டில் எட்வர்டு பிரெட்கின் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வமைப்பிற்கு 'டிரை' எனப் பெயரிட்டார். தமிழில் இதனைச் சொல் மரம் எனலாம்.

நாமக்கல் மாவட்டத்து நெசவூராகிய வெண்ணந்தூரின் பெயரையே சான்றாகக் கொள்ளலாம். வெண்மை, வெண்ணெய், வெண்ணிலா, வெண்ணந்தூர் என்னும் நான்கையும் தனித்தனியே எழுதினால் 17 எழுத்துகள் வேண்டும். சொல் மரத்திலோ 'வெ', 'ண்' என்னும் இரண்டும் அடிமரமாக ஒருமுறையே நிற்கும். பின்னர் 'மை', 'ணெ', 'ணி', 'ண' எனக் கிளைகள் பிரியும். ஆகவே 11 எழுத்துகளே போதும்.

சொல் முடியும் இடத்தில் ஓர் அடையாளமும் ஓர் எண்ணும் இடப்படும். 'கல்' என்பதிலிருந்தே 'கல்வி' கிளைத்தாலும், அடையாளம் இருத்தலால் இரண்டும் மயங்கா. நூல்களில் ஒரு சொல் வருந்தோறும் அதன் எண் ஒன்று கூடும்.

கைப்பேசியில் ஓரிரு எழுத்து எழுதியவுடன் முழுச்சொல்லை எடுத்துக்காட்டவும் இவ்வமைப்பு உதவும். எண் மிகுந்த சொல் முன்னே வரும். இடம் சுருங்குதற்பொருட்டு எண் குறைந்த கிளைகளை வெட்டிவிடுவதும் உண்டு. இங்கேதான் விழிப்பு வேண்டும். நீளவாட்டு நூலாகிய 'பாவு', குறுக்கு நூலாகிய 'ஊடை' ஆகியவை நெசவாளர் நாவில் பயின்று வருபவை. ஏட்டில் அருகியே வருபவை. ஏட்டை மட்டும் எண்ணினால் அவற்றின் எண் சிறிதாகவே இருக்கும். அது சொல்லின் சிறுமையா? அன்று, எண்ணியவர் நோக்கின் சிறுமையே ஆகும்.

அருகி வரும் வடிவம் எழுத்துப்பிழையாகவும் இருக்கக்கூடும் என்பர். உண்மையே. ஆயினும் தொழில் அறிந்தோரைக் கேட்டுத் தெளிதல் தகும். கேளாது வெட்டுதல் தகாது.

எண்ணிக்கை வழக்கின் அளவைக் காட்டுமேயன்றிச் சொல்லின் மதிப்பைக் காட்டாது. ஆதலின் சொல் மரம் அமைப்போர் அரிய சொல்லையும் காத்தல் வேண்டும். மாணவரும் தத்தம் ஊர்த் தொழிற்சொற்களைக் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். விதைத்த சொல்லே மரத்தில் முளைக்கும்.