பொறுப்பேற்க ஒருவர் வேண்டும்

யங்கோன் நகரின் கிழக்கே ஓடும் பசுந்தாங் ஓடையின் கரைகளில் ஆங்கிலேயர் ஆட்சியில் அரிசி ஆலைகள் நிறைந்திருந்தன. தமிழகத்திலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் கப்பலேறியோர் அங்கே மூட்டை சுமந்தனர். இன்று அவ்வோடையில் கழிவுநீரும் நெகிழியும் கலக்கின்றன. 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், அங்கு பத்துப் பேர் கூடி ஓடையைக் காக்க முனைவதும் எளிதன்று.

சுதந்திர நாடுகளில் வாழும் புலம்பெயர் தமிழருக்கு அத்தடை இல்லை. குப்பை அகற்ற ஒரு ஞாயிறன்று நூறு பேர் வருவர். அடுத்த ஞாயிறுக்குப் பொறுப்பேற்க ஒருவரைக் கேட்டால், அனைவருக்கும் வேலை வந்துவிடும்!

சென்னையில் 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்றும் இயங்குகிறது. முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பிடத்தில் புதைப்பர். குஞ்சுகள் வெளிவர ஏறத்தாழ நாற்பத்தைந்து நாட்களாகும். அதுவரை காவல் வேண்டும். படிப்பு முடித்துச் செல்லும் மூத்தவரின் இடத்தை இளையவர் நிரப்பியதாலேயே இது நீடித்தது. 2025 தொடக்கத்தில் தமிழகக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அவற்றைப் பதிவு செய்தோரில் இத்தகைய தன்னார்வலரும் இருந்தனர்.

நம் பெற்றோர் பலர் கேட்பதோ, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் கிடைக்குமா என்பதே. அடுத்த பொதுக்கூட்டத்தில் சுற்றுச்சூழல் குழுவின் செயலாளர் பதவிக்குப் பின்வரிசையில் ஒரு பதினேழு வயதுப் பெண் கையுயர்த்தினால், அருகிலிருக்கும் தாய் அக்கையைப் பிடித்து இறக்காமலிருப்பாரா?