பொதுவின் பெயரால் ஒரு குத்தகை!

அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரிலே செபுல்வேடா என்றோர் அணை இருக்கிறது. 1938 மார்ச்சு மாதத்தில் பெருவெள்ளம் புகுந்து அந்நகரைப் பாழாக்கிற்று. பாலங்கள் இடிந்தன, வீடுகள் மிதந்தன, உயிர்கள் மாண்டன. இனி அத்தகைய நாள் வரலாகாது என்று நடுவண் அரசு முனைந்தது. இராணுவப் பொறியாளர் படை அணையைக் கட்டி 1941இல் முடித்தது. பாய்ந்து வரும் வெள்ளம் தங்கி நிற்பதற்கென்று அணைக்குப் பின்னே ஏறத்தாழ 2000 ஏக்கர் நிலம் வெற்றிடமாக விடப்பட்டது. மழைக்காலத்தில் நீர் நிற்கும். மற்றக் காலத்தில் வெறும் நிலம் நிற்கும்.

நிலத்துக்கு உரியது நடுவண் அரசு. அதில் பெரும்பகுதியைக் குத்தகைக்குப் பெற்றது மாநகராட்சி. பூங்கா வந்தது, ஏரி வந்தது, கிரிக்கெட் திடல்கள் வந்தன. பல்போவா, என்சினோ, உட்லி லேக்ஸ் என்னும் 3 கோல்ஃப் திடல்களும் வந்தன. ஒவ்வொன்றும் 18 குழிகள் கொண்டது.

கோல்ஃப் மீது நமக்குக் கோபம் இல்லை. குத்தகை மீதுதான் கேள்வி!

விளையாட்டு வேண்டும். உழைத்து ஓய்ந்த உடலுக்குப் பசும்புல் வேண்டும், திறந்த வானம் வேண்டும். ஆனால் எல்லா ஆட்டமும் ஒரே அளவு நிலம் கேட்பதில்லை. 18 குழிகள் கொண்ட திடல் ஒன்றுக்கு 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். குழிக்கு நால்வராக நின்றாலும் ஒரே நேரத்தில் அங்கே ஆடக்கூடியவர் எத்தனை பேர்? பள்ளியில் கணக்குச் சொல்லித் தரும் நாம் பெருக்கிப் பார்க்கிறோம்: 72 பேர்! ஓர் ஆளுக்கு ஒன்றேகால் ஏக்கருக்கும் குறையாத நிலம். அதே 100 ஏக்கரில் எத்தனை பந்தாட்டத் திடல் போடலாம், எத்தனை நூறு சிறுவர் ஓடியாடலாம், எத்தனை முதியவர் காலாற நடக்கலாம்! இத்தனை நிலத்தை இத்தனை சிலருக்கு ஒதுக்குகிற மாநகராட்சி, மற்றவர்க்கு விடை சொல்லக் கடமைப்பட்டதன்றோ?

வெள்ளம் தேங்கும் இடத்தில் வீடு கட்ட முடியாது. புல் வளர்ப்பதில் என்ன பிழை என்பர் சிலர். பிழை இல்லை. வீடு கட்டலாகாது என்பது உண்மை. ஆனால் வீடு கட்டலாகாத இடத்திலெல்லாம் கோல்ஃப்தான் ஆடவேண்டும் என்று எந்த வெள்ளம் வந்து சொல்லிற்று? திடல் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்கிறது என்பர் வேறு சிலர். தண்ணீர்ச் செலவும் ஆட்கூலியும் நுழைவுக் கட்டணத்தில் வரலாம். நிலத்தின் விலை எந்தக் கணக்கில் வருகிறது? மக்கள் வரிப்பணத்தால் வாங்கிய மண் வரவேட்டில் ஏறாமல் இருந்தால், எந்தத் திடலும் இலாபத் திடலாகத்தான் தோன்றும்!

இங்கேதான் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும். 1944ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும், இத்தகைய அணை நிலங்களைப் பூங்காவுக்கும் பொழுதுபோக்குக்கும் குத்தகை விடலாம் என்கின்றன. அரசு அமைப்புகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் முதலிடம் தரவேண்டும் என்கின்றன. பொது நோக்கத்துக்காக, பொது நலன் கருதி, பணமே பெறாமலும் அவற்றிற்கு நிலம் கொடுக்கலாம் என்கின்றன. எவ்வளவு பெரிய சலுகை! எதற்காக அந்தச் சலுகை? மேயர் முகத்துக்காகவா? மட்டை பிடிப்பவர் மதிப்புக்காகவா? பொது என்னும் ஒரே சொல்லுக்காக!

அப்படியானால், காசு வாங்காத நிலத்துக்கும் வாடகை உண்டு. அந்த வாடகை திறந்த வாயில். யாரும் வரலாம், யாரும் ஆடலாம், யாரும் கணக்குக் கேட்கலாம் என்னும் நிலை. வாயில் மூடிய நாளிலிருந்து வாடகை பாக்கி! இதுவே நம் வாதம்.

வெறும் வாதம் இது என்று எண்ணவேண்டாம். பொது நிலத்தைப் பொதுமக்களிடமிருந்து காக்க வேலியாகக் குத்தகையே பயன்பட்ட வரலாறு அதே நாட்டில் உண்டு.

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கில்லெஸ்பி பூங்கா என்னும் கோல்ஃப் திடல். நகரத்துக்குச் சொந்தமானது. வேலையற்றோர்க்கு வேலை தரும் திட்டத்தின்கீழ் நடுவண் அரசு கொடுத்த பணமும் சேர்ந்து உருவானது. வரி கொடுத்தவரில் வெள்ளையர் உண்டு, கருப்பர் உண்டு. ஆட உரிமை வெள்ளையர்க்கு மட்டுமே! கருப்பர் உரிமை கேட்கும் நாளில் நகராட்சி என்ன செய்தது? 1949இல் திடலை ஒரு சங்கத்துக்குக் குத்தகை விட்டது. ஆண்டு வாடகை எவ்வளவு தெரியுமா? 1 டாலர்! இப்போது இது நகரின் திடல் அன்று, சங்கத்தின் திடல். உறுப்பினர்க்கே இடம் என்றனர். உறுப்பினர் அல்லாத வெள்ளையர் வந்தால் கட்டணம் பெற்று உள்ளே விட்டனர். கருப்பர் வந்தால் விதியை நீட்டினர். ஒரு டாலருக்கு ஒரு திடலை விற்கவில்லை அவர்கள். ஒரு டாலருக்கு ஒரு மதிலை வாங்கினர்!

1955 டிசம்பர் 7 அன்று, பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸ் தலைமையில் கருப்பர் அறுவர் அங்கே சென்றனர். கட்டணக் காசை மேசைமேல் வைத்தனர், ஆடத் தொடங்கினர். அத்துமீறி நுழைந்தார்கள் என்று வழக்கு! தாம் வரி கொடுத்து வளர்த்த புல்லை மிதித்தது குற்றமாம்! 1957இல் நடுவண் நீதிமன்றம் உண்மையைச் சொல்லிற்று: குத்தகை என்னும் திரைக்குப் பின்னே ஒளிந்து குடிமக்களின் உரிமையை நகராட்சி மறுக்க முடியாது. தீர்ப்பு நடைமுறைக்கு வருமுன் திடலின் மன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. நகராட்சி திடலையே மூடியது. எல்லோர்க்கும் திறப்பதைவிட எவர்க்கும் இல்லாமல் செய்வது மேல் என்று கருதிய அந்த உள்ளத்தை என்னென்பது! அறுவர்மீது விதித்த தண்டனையோ உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1960இல் 5க்கு 4 என்ற கணக்கில் நிலைநிறுத்தப்பட்டது. பின்னர் மாநில ஆளுநர்தான் சிறைவாசத்தை நீக்கினார். பூட்டிய திடல் திறந்தது 1962 டிசம்பர் 7 அன்று. நுழைந்த நாளுக்கும் திறந்த நாளுக்கும் இடையே சரியாக 7 ஆண்டுகள்!

நகராட்சிதான் இப்படி, நிலத்துக்குரிய நடுவண் அரசு நேர்மையாக இருந்ததா என்று கேட்கலாம். தலைநகர் வாஷிங்டனில் திடல்கள் நடுவண் அரசின் நிலத்திலேயே இருந்தன. அங்கும் நிறவேலி இருந்தது. ஆட இடம் கேட்ட கருப்பர்க்கு 1939இல் லாங்ஸ்டன் என்னும் 9 குழித் திடலைத் தனியே ஒதுக்கிக் கொடுத்தனர். 1941இல் கருப்பர் மூவர் கிழக்குப் பொட்டோமக் திடலில் துணிந்து இறங்கினர். ஏசினர் சிலர். காவலர் துணையோடு ஆடினர் அம்மூவரும். உள்துறை அமைச்சர் ஹரால்டு இக்கீஸ், அத்திடல்கள் அனைவர்க்கும் உரியவை என்று உறுதி செய்தார். நிலத்துக்குரியவன் மனம் வைத்தால் வாயில் திறக்கும் என்பதற்கு இது சான்று. மனம் வைக்காத காலமெல்லாம் அது மூடியே கிடந்தது என்பதற்கும் இதுவே சான்று.

நிறவேலி சட்டத்தால் வீழ்ந்தது. வேலிகள் எல்லாம் வீழ்ந்துவிட்டனவா? லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சியின் கோல்ஃப் திடல்களில் ஆட்ட நேரங்களை இடைத்தரகர் முந்திக்கொண்டு பிடித்து, மேல்விலைக்கு விற்கிறார்கள் என்னும் குற்றச்சாட்டு 2024இல் பெரிதாக எழுந்தது. விடியற்காலை நேரத்துக்காகப் பொதுமகன் காத்திருக்கிறான். அவன் விரல் படுமுன் நேரம் பறந்துவிடுகிறது. தரகன் கையில் போய் அமர்கிறது. திரும்பக் கிடைக்காத 10 டாலர் முன்பணம் என்று மாநகராட்சி ஒரு தடை போட்டது. போடட்டும். ஆனால் கருத்தைக் காண்க: அன்று நிறம் பார்த்த வாயில், இன்று பை பார்க்கிறது. பத்திரத்தில் பொது, பழக்கத்தில் தனி!

இன்னொரு பக்கமும் பாருங்கள். வாஷிங்டனின் 3 திடல்களை, இலாபநோக்கற்ற ஓர் அறக்கட்டளைக்கு 2020இல் 50 ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்தது நடுவண் அரசு. 2025 டிசம்பரில், குத்தகை விதி மீறப்பட்டது என்று கூறி அதை முறித்தது. அறக்கட்டளை அதை மறுத்தது. யார் பக்கம் நீதி என்பதை வழக்காடுவோர் ஆராயட்டும். நாம் கேட்பது வேறு: 50 ஆண்டுக்குக் கொடுத்தபோதும் 5 ஆண்டில் பறித்தபோதும், அந்தப் புல்லில் நடக்கும் மக்களுக்கு அந்த முடிவில் என்ன பங்கு? கொடுப்பவன் நினைத்தால் கொடுப்பதும் எடுப்பவன் நினைத்தால் எடுப்பதும் பண்ணையார் முறையல்லவா? மக்களாட்சியில் அரசு நிலத்தின் காவலன். நிலத்தின் ஆண்டை அல்லவே!

ஆகவே நாம் சொல்கிறோம். பொது நிலத்தைக் குத்தகைக்குப் பெறும் நகரம், பத்திரத்தின் முதல் வரியிலேயே வாயில் எவர்க்கும் திறந்திருக்கும் என்று எழுதட்டும். கூலிக்காரன் ஒரு நாள் கூலியை இழக்காமல் நுழையும்படி கட்டணம் இருக்கட்டும். பள்ளிச் சிறுவர்க்குத் தனி நேரம் இருக்கட்டும். ஆட்ட நேரத்தில் எத்தனை யார் கைக்குப் போயிற்று என்ற கணக்கு வெளியிடப்படட்டும். குத்தகை முடியும்போது, மீண்டும் கோல்ஃப்தானா, வேறு எதுவுமா என்று ஊரார் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். இவற்றைச் செய்யும் நகரத்தின் திடலில் ஆடுபவர் மகிழ்ந்து ஆடட்டும், நாமும் வாழ்த்துவோம்.

செய்யாத நகரத்துக்கு நம் சொல் ஒன்றே: வாயிலைத் திற, இல்லையேல் வாடகையைக் கட்டு! இரண்டும் முடியாதென்றால், நிலத்தை அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடு. சொந்தக்காரர் யார் என்று தேடவேண்டாம். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள்தாம்!